விகிதம் ஒன்று, மூலக்கூறு பல: வேதியியல் கேள்வி பதில்

செட்டிநாட்டுப் பக்கமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பல, பதினொன்றாம் வகுப்பு வேதியியலின் தொடக்கத்திலேயே வரும் எளிய விகித வாய்ப்பாட்டையும் மூலக்கூறு வாய்ப்பாட்டையும் பற்றியே கேட்டிருப்பதால், பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். முன்னது ஒரு சேர்மத்திலுள்ள அணுக்களின் மிகச் சிறிய முழு எண் விகிதத்தைச் சொல்வது; பின்னது அதன் ஒரு மூலக்கூறில் உண்மையில் எத்தனை அணுக்கள் என்பதைச் சொல்வது. பள்ளியை விட்டு நெடுநாளானவர்களும் இப்பகுதியைப் படிக்கிறார்கள். ஆகவே வாய்ப்பாடுகளைக் குறியீட்டில் தராமல், தனிமத்தின் பெயரையும் அணுக்களின் எண்ணிக்கையையும் சொல்லியே எழுதுகிறோம். மாணவர்கள் விடைத்தாளில் குறியீட்டையே எழுத வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல் வார்க்கும் பட்டறை இருக்கிறது. கல்லுக்குச் சிவப்பு நிறம் தரும் பொடி இரும்பு ஆக்சைடு என்று அப்பா சொல்லியிருக்கிறார். மாதிரித் தேர்வில், இரும்பு 69.94 சதவீதமும் ஆக்சிஜன் 30.06 சதவீதமும் கொண்ட ஆக்சைடின் எளிய விகித வாய்ப்பாட்டைக் கேட்டிருந்தார்கள். எனக்கு 1-க்கு 1.5 என்று வந்தது. 1.5-ஐ 2 என்று முழு எண்ணாக்கி, ஓர் இரும்புக்கு இரண்டு ஆக்சிஜன் என்று எழுதினேன், மதிப்பெண் தரவில்லை. அரைக்கு மேலே தள்ளுவதுதானே வழக்கம்?
(ஆத்தங்குடி, பதினொன்றாம் வகுப்பு மாணவர்)

பதில்: கடைக் கணக்கில் அது வழக்கம். அணுக்களை எண்ணும் கணக்கில் 1-க்கு 1.5 என்பது 2-க்கு 3 என்பதன் மறுவடிவம். அதில் தள்ளுவதற்கு எதுவும் இல்லை.

அந்த 1.5 எங்கிருந்து வந்தது என்பதை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடுவோம். சதவீதம் எடைக் கணக்கு. வாய்ப்பாடு எண்ணிக்கைக் கணக்கு. ஓர் இரும்பு அணுவின் நிறை 55.85 அலகு, ஓர் ஆக்சிஜன் அணுவின் நிறை 16 அலகு என்பதால், எடையில் இரும்பு இரு மடங்குக்கு மேல் இருந்தபோதிலும் எண்ணிக்கையில் ஆக்சிஜனே மிகுதியாக இருக்கிறது. 100 கிராம் ஆக்சைடை எடுத்துக்கொண்டால் அதிலுள்ள 69.94 கிராம் இரும்பை 55.85-ஆல் வகுக்க 1.252 மோல் (மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு; எந்தப் பொருளின் ஒரு மோலிலும் துகள்களின் எண்ணிக்கை ஒன்றே) வரும், 30.06 கிராம் ஆக்சிஜனை 16-ஆல் வகுக்க 1.879 மோல் வரும். இரண்டையும் அவற்றில் சிறிய எண்ணால் வகுத்தால் 1-க்கு 1.5. அரை அணு எந்தச் சேர்மத்திலும் சேராது. ஆகவே இரு எண்களையும் 2-ஆல் பெருக்கி, இரும்பு 2, ஆக்சிஜன் 3 என்று எழுத வேண்டும்.

நீங்கள் எழுதிய விடை சரியில்லை என்பதைத் தேர்வு அறையிலேயே கண்டுகொள்ள ஒரு வழி இருந்தது. ஓர் இரும்புக்கு இரண்டு ஆக்சிஜன் என்றால் மொத்த நிறை 55.85-உம் 32-உம் சேர்ந்து 87.85. அதில் இரும்பின் பங்கு 63.6 சதவீதம். வினாத்தாள் தந்ததோ 69.94. ஆறு சதவீதத்துக்கும் மேற்பட்ட இந்த இடைவெளியை எந்தத் தராசின் தலையிலும் கட்ட முடியாது. வாய்ப்பாட்டை எழுதி முடித்ததும் அதிலிருந்து சதவீதத்தைத் திரும்பக் கணக்கிட்டுப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். அதைச் செய்யும் பழக்கத்தைப் பல பள்ளிகளில் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது நமக்கு வருத்தமே.

இரும்பு ஆக்சைடுகளை வைத்தே இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். கருப்பு நிறமுள்ள, காந்தத்தில் ஒட்டும் ஆக்சைடில் இரும்பு 72.36 சதவீதம், ஆக்சிஜன் 27.64 சதவீதம். மோல்கள் 1.296-உம் 1.728-உம், விகிதம் 1-க்கு 1.333. இதை 1 என்று குறைத்துவிட்டால் ஓர் இரும்புக்கு ஓர் ஆக்சிஜன் என்ற வேறொரு சேர்மம் வந்து நிற்கும். அதில் இரும்பு 77.7 சதவீதம் இருக்க வேண்டும். சரியான வழி 3-ஆல் பெருக்குவது: இரும்பு 3, ஆக்சிஜன் 4. சிவப்பு ஆக்சைடுக்கும் கருப்பு ஆக்சைடுக்கும் இரும்பின் அளவில் இரண்டரை சதவீதம்கூட வேறுபாடில்லை என்பதைக் கவனியுங்கள். அவ்வளவு சிறிய வேறுபாட்டில்தான் இரு வேறு பொருள்கள் பிரிந்து நிற்கின்றன. அதனால்தான் இடைக்கணக்கில் குறைந்தது மூன்று தசம இலக்கங்களையாவது வைத்திருக்கச் சொல்கிறார்கள். தசமப் பகுதி 0.5-க்கு அருகில் வந்தால் 2-ஆலும், 0.33 அல்லது 0.67-க்கு அருகில் வந்தால் 3-ஆலும், 0.25 அல்லது 0.75-க்கு அருகில் வந்தால் 4-ஆலும் பெருக்கிப் பார்க்கலாம். 1.98, 3.02 போன்றவற்றை மட்டும் அருகிலுள்ள முழு எண்ணாகக் கொள்ளலாம். அங்கே மிச்சமிருப்பது அளவீட்டுப் பிழைதான்.

பட்டறையில் இருக்கும் பொடியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மூட்டையில் வரும் நிறப்பொடியில் இரும்பு ஆக்சைடோடு மலிவான வெள்ளைப் பொடிகளும் கலந்திருக்கக்கூடும். இந்தக் கணக்கு தூய சேர்மத்துக்கு மட்டுமே பொருந்தும். கலவையின் சதவீதத்தைப் போட்டால் ஏதோ ஒரு விகிதம் வரும், அதற்குப் பொருள் இருக்காது. மஞ்சள் கல்லுக்குச் சேர்க்கும் பொடியும் இரும்புச் சேர்மமாக இருக்கலாம். இரும்பு 1, ஆக்சிஜன் 2, ஹைட்ரஜன் 1 என்ற அந்த மஞ்சள் சேர்மத்தை நன்றாகச் சூடாக்கினால் எடையில் ஏறத்தாழ 10 சதவீதம் நீராவியாகப் போய், மிஞ்சுவது சிவப்பு ஆக்சைடாக இருக்கும். அந்த 10 சதவீதம் எப்படி வருகிறது என்பதை நீங்களே கணக்கிடலாம்.

கேள்வி: மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். குளுக்கோஸுக்கும் வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலத்துக்கும் எளிய விகித வாய்ப்பாடு ஒன்றே என்று புத்தகத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருந்த மாமியார், ‘இனிப்பும் புளிப்பும் எப்படி ஆத்தா ஒண்ணாகும்?’ என்று கேட்டார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒன்றுபோல இருக்கும் வாய்ப்பாட்டைப் படிப்பதால் என்ன பயன்?
(காரைக்குடி, இல்லத்தரசி)

பதில்: உங்கள் மாமியாரின் கேள்வி சரியானது; விகிதம் ஒன்றாக இருப்பதால் பொருள் ஒன்றாகிவிடாது. உங்கள் வீட்டில் வெள்ளைப் பணியாரத்துக்கு ஆழாக்கு நிறையப் பச்சரிசி எடுத்து, அதன்மேல் கோபுரமாக உளுந்து வைத்து அளப்பார்கள். நாலு பேருக்கானாலும் கல்யாண வீட்டுக்கானாலும் அந்தப் பக்குவம் மாறாது. ஆனால் பக்குவத்தை மட்டும் கேட்டு, அன்றைக்கு எத்தனை ஆழாக்கு அரிசி நனைத்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. எளிய விகித வாய்ப்பாடு சொல்வதும் அவ்வளவுதான். எந்தத் தனிமம் எந்த விகிதத்தில் இருக்கிறது என்பது அதில் உண்டு. ஒரு மூலக்கூறில் மொத்தம் எத்தனை அணுக்கள் என்பது அதில் இல்லை.

குளுக்கோஸையும் அசிட்டிக் அமிலத்தையும் தனித்தனியே பகுத்தால் இரண்டிலும் கார்பன் 40 சதவீதம், ஹைட்ரஜன் 6.7 சதவீதம், ஆக்சிஜன் 53.3 சதவீதம் இருக்கும். விகிதம் 1, 2, 1. தயிரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமிலத்துக்கும், பள்ளி விலங்கியல் ஆய்வகத்தில் பாம்பையும் தவளையையும் போட்டு வைத்திருக்கும் ஃபார்மலினிலுள்ள ஃபார்மால்டிஹைடுக்கும்கூட இதே சதவீதங்கள்தாம். ஃபார்மால்டிஹைடின் மூலக்கூறில் கார்பன் 1, ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1. மூலக்கூறு நிறை 30. அசிட்டிக் அமிலத்தில் 2, 4, 2, நிறை 60. லாக்டிக் அமிலத்தில் 3, 6, 3, நிறை 90. குளுக்கோஸில் 6, 12, 6, நிறை 180. முறையே ஒரு மடங்கு, இரு மடங்கு, மூன்று மடங்கு, ஆறு மடங்கு. இவற்றில் ஒன்று நஞ்சு, இரண்டு புளிப்பு, ஒன்று இனிப்பு.

இந்த மடங்கை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதே இந்தப் பாடத்தின் உயிர்நாடி என்று நினைக்கிறோம். சதவீதத்தை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அது மடங்கைச் சொல்லாது. அதற்கு முற்றிலும் வேறான இரண்டாவது சோதனை ஒன்று வேண்டும். மூலக்கூறுகளை எண்ணும் சோதனை அது.

நீரில் கரையும் பொருளானால் உறைநிலையை அளக்கலாம். ஒரு கிலோ நீரில் ஒரு மோல் பொருள் கரைந்து, அயனிகள் என்ற மின்னூட்டமுள்ள துகள்களாகப் பிரியாமல் இருந்தால், நீரின் உறைநிலை 1.86 டிகிரி செல்சியஸ் தாழும். கரைந்தது எந்தப் பொருள் என்பதைவிட எத்தனை மூலக்கூறுகள் என்பதே இதில் கணக்கு. 30 கிராம் குளுக்கோஸை ஒரு கிலோ நீரில் கரைத்தால், குளுக்கோஸின் மூலக்கூறு நிறை 30 ஆக இருக்கும் பட்சத்தில் 1.86 டிகிரி தாழ வேண்டும். உண்மையில் தாழ்வது ஏறத்தாழ 0.31 டிகிரி, அதாவது ஆறில் ஒரு பங்கு. எதிர்பார்த்ததில் ஆறில் ஒரு பங்கு மூலக்கூறுகளே நீரில் இருக்கின்றன என்றால், ஒவ்வொன்றும் ஆறு மடங்கு பெரியது.

எளிதில் ஆவியாகும் பொருளானால் ஆவி அடர்த்தியை அளக்கலாம். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கன அளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருப்பதால், ஹைட்ரஜனைப்போல ஓர் ஆவி எத்தனை மடங்கு கனமானது என்று கண்டு அதை இரட்டித்தால் மூலக்கூறு நிறை கிடைக்கும். வெல்டிங் பட்டறையில் எரிக்கும் அசிட்டிலீனையும் பென்சீனையும் இப்படித்தான் பிரித்தறிந்தார்கள். இரண்டிலும் கார்பன் 92.3 சதவீதம், விகிதம் ஒன்றுக்கு ஒன்று. ஆனால் அசிட்டிலீனின் ஆவி அடர்த்தி 13, மூலக்கூறு நிறை 26. பென்சீனின் ஆவி அடர்த்தி 39, மூலக்கூறு நிறை 78.

அசிட்டிக் அமிலத்தை மட்டும் இந்த வழியில் அளக்கப் போனால் ஒரு வேடிக்கை நடக்கும். அதன் கொதிநிலையை ஒட்டிய வெப்பநிலையில் ஆவி அடர்த்தியைப் பார்த்தால் மூலக்கூறு நிறை 60-ஐவிடக் கணிசமாகக் கூடுதலாகத் தெரியும். பென்சீனில் கரைத்து உறைநிலையைப் பார்த்தால் 120-ஐ நெருங்கும். ஹைட்ரஜன் பிணைப்பால் இரண்டு மூலக்கூறுகள் கைகோத்து இரட்டையாகத் திரிவதே காரணம். வெப்பநிலையை நன்றாக உயர்த்தினால் ஆவியிலுள்ள இரட்டைகள் பிரிந்து, 60 என்ற எண்ணை நோக்கி அளவீடு இறங்கும். சோதனை நேர்மையாகத்தான் எண்ணுகிறது. அந்த வெப்பநிலையில் தனித்தனியாகத் திரிபவை எவையோ அவற்றை எண்ணுகிறது.

மூலக்கூறு வாய்ப்பாடு தெரிந்தபின்னும் பொருள் இன்னதென்று முடிவாகிவிடாது என்பதையும் உங்கள் மகளுக்குச் சொல்லி வையுங்கள். பழங்களிலும் தேனிலும் இருக்கும் ஃபிரக்டோஸுக்கும் 6, 12, 6 என்பதே மூலக்கூறு வாய்ப்பாடு. அசிட்டிக் அமிலத்தின் 2, 4, 2 என்ற வாய்ப்பாட்டை மீதைல் ஃபார்மேட் என்ற, சற்றும் அமிலமல்லாத ஓர் எஸ்டரும் பகிர்ந்துகொள்கிறது. அணுக்கள் எந்த வரிசையில் பிணைந்திருக்கின்றன என்று காட்டும் அமைப்பு வாய்ப்பாடு அங்கே தேவைப்படும். அது வேறு பாடம்.

கேள்வி: மூலக்கூறு வாய்ப்பாடு எப்போதும் எளிய விகித வாய்ப்பாட்டைவிடப் பெரியதாகத்தான் இருக்குமா? மேலும், மூலக்கூறு நிறையை எளிய விகித வாய்ப்பாட்டின் நிறையால் வகுத்து மடங்கைக் கணக்கிடும்போது 5.8 என்று வந்தால் அதை 6 என்று எழுதலாமா?
(கானாடுகாத்தான், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி)

பதில்: இருக்க வேண்டியதில்லை. நீர், அம்மோனியா, கந்தக அமிலம் ஆகியவற்றுக்கு இரண்டும் ஒன்றே. வீட்டுச் சர்க்கரையில் கார்பன் 12, ஹைட்ரஜன் 22, ஆக்சிஜன் 11; எண்கள் பெரியவையாக இருந்தாலும் மூன்றுக்கும் பொது வகுஎண் இல்லாததால் அதுவே எளிய விகிதமும்கூட.

5.8-ஐ 6 என்று எழுதலாம். ஆத்தங்குடி மாணவருக்குத் தள்ளக்கூடாது என்று சொன்னதற்கு இது முரணல்ல. மடங்கு முழு எண்ணாக மட்டுமே இருக்க முடியும் என்பதால், மூலக்கூறு நிறையை நூற்றுக்கு ஐந்து பிழையோடு அளந்தாலும் 5.7-க்கும் 6.3-க்கும் இடையில்தான் விடை விழும். 6 என்பதில் ஐயம் எழாது. சதவீதத்தை மிகத் துல்லியமாகவும் மூலக்கூறு நிறையை ஓரளவுக்கும் அளந்தால் போதும் என்ற இந்தச் சலுகையால்தான், சென்ற நூற்றாண்டுகளின் வேதியியலாளர்கள் எளிய கருவிகளைக் கொண்டே சரியான வாய்ப்பாடுகளை எட்டினார்கள். ஆனால் 5.5 என்று வந்தால் சோதனையையே மறுபடி செய்ய வேண்டும்.

கேள்வி: பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை செய்கிறேன். கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசும் முறையில் இன்றும் சில வீடுகளில் வேலை நடக்கிறது. சுண்ணாம்பின் மூலக்கூறு வாய்ப்பாடு என்ன என்று பையன் கேட்டான். கால்சியம் கார்பனேட்டின் வாய்ப்பாட்டைச் சொன்னேன். அது மூலக்கூறு வாய்ப்பாடு இல்லை என்கிறான். யார் சொல்வது சரி?
(பள்ளத்தூர், கட்டட மேஸ்திரி)

பதில்: பையன் சொல்வது சரி. நீங்கள் சொன்ன கால்சியம் 1, கார்பன் 1, ஆக்சிஜன் 3 என்ற எண்களும் சரி. அதற்குச் சூட்டிய பெயர்தான் பொருந்தவில்லை.

கிளிஞ்சலுக்குள் கால்சியம் கார்பனேட் மூலக்கூறு என்று தனியாக ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. கால்சியம் அயனிகளும் கார்பனேட் அயனிகளும் மாறி மாறி, படிகத்தின் விளிம்புவரை இடைவெளியின்றி அடுக்கப்பட்டிருக்கின்றன. எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கோடு கிழிக்க இடமில்லை. ஆகவே இத்தகைய சேர்மங்களுக்கு எளிய விகித வாய்ப்பாடு மட்டுமே உண்டு; அதன் நிறையையும் மூலக்கூறு நிறை என்று சொல்லாமல் வாய்ப்பாட்டு நிறை என்பார்கள். சமையல் உப்புக்கும் இதே நிலைதான். அயனிகளே இல்லாத ஆற்று மணலிலும், சிலிக்கன் ஒன்றுக்கு ஆக்சிஜன் இரண்டு என்ற விகிதம் படிகம் முழுவதும் பின்னிக் கிடப்பதால், தனி மூலக்கூறு கிடையாது.

இதனால் உங்கள் தொழில் கணக்கு எதுவும் கெடாது. 100 கிலோ தூய கிளிஞ்சலைச் சூளையில் முழுவதும் நீற்றினால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதற்கு நீர் விட்டுத் தாளித்தால் 18 கிலோ நீரை ஏற்று 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகும். சுவரில் பூசியபின் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு, நீரை வெளியே விட்டு, மறுபடி அந்த 100 கிலோ கால்சியம் கார்பனேட்டாகவே இறுகுகிறது. இந்த எண்கள் எல்லாமே எளிய விகித வாய்ப்பாட்டிலிருந்து வந்தவை. மூலக்கூறு வாய்ப்பாடு எங்கும் தேவைப்படவில்லை. வெள்ளைக்கரு இந்தக் கணக்கில் சேராது. அது சுண்ணாம்போடு கலந்து நிற்கும் புரதம்.

இன்னொன்றையும் பையனுக்குக் காட்டுங்கள். செட்டிநாட்டு வீட்டு வளவில் தரைக்குப் போட்ட இத்தாலி மார்பிளும், அதே வீட்டுச் சுவருக்கு நீற்றிய கிளிஞ்சலும் ஒரே வாய்ப்பாடுள்ள பொருள்கள். மார்பிளில் அது கால்சைட் என்ற படிகமாக இருக்கிறது. கிளிஞ்சல்களில் பெரும்பாலும் அரகொனைட் என்ற வேறு அடுக்கில் இருக்கிறது. அடுக்கும் முறையை வாய்ப்பாடு சொல்வதில்லை.

கேள்வி: சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) வளாகத்தை ஒட்டித்தான் தினமும் கல்லூரிக்குப் போகிறேன். நீரின் வாய்ப்பாட்டை ஒரு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் என்று ஜான் டால்டன் எழுதினார் எனப் படித்தேன். அணுக்கொள்கையைத் தந்தவரே இதில் எப்படித் தவறினார்?
(காரைக்குடி, இளநிலை வேதியியல் மாணவர்)

பதில்: டால்டனிடம் இருந்தது தராசு மட்டுமே. நீரில் எடைக்கணக்கில் ஹைட்ரஜன் ஒரு பங்கும் ஆக்சிஜன் எட்டுப் பங்கும் இருக்கின்றன. (டால்டன் காலத்து அளவீடு துல்லியமற்றது, 1808-இல் வெளியான நூலில் ஆக்சிஜனுக்கு அவர் தந்த எண் 7.) ஆக்சிஜன் அணுவின் நிறை 8 என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு ஒன்று என்று எழுதலாம், 16 என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கு ஒன்று என்று எழுதலாம். இரண்டும் தராசுக்குப் பொருந்தும். இரு தனிமங்களுக்கிடையே ஒரே ஒரு சேர்மம் மட்டும் தெரிந்திருந்தால் ஒன்றுக்கு ஒன்று என்றே கொள்ளலாம் என்பது டால்டன் தாமே வகுத்துக்கொண்ட விதி. நாம் இன்று அணு நிறை அட்டவணையைச் சுவரில் மாட்டிவிட்டுக் கணக்குப் போடுகிறோம். அவருக்கோ அணு நிறை தெரிய வாய்ப்பாடு வேண்டியிருந்தது, வாய்ப்பாடு தெரிய அணு நிறை வேண்டியிருந்தது.

முடிச்சை அவிழ்க்கும் தடயம் அதற்கு முன்பே வெளிவந்திருந்தது. மின்வேதியியலுக்கென்றே அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் தந்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய நிறுவனம் இருக்கும் ஊர்க்காரர் என்பதால் இது உங்களுக்குப் பிடிக்கும். 1800-இல் நிக்கல்சனும் கார்லைலும் நீரில் மின்சாரத்தைச் செலுத்திப் பிரித்தபோது, கன அளவில் ஹைட்ரஜன் ஆக்சிஜனைப்போல இரு மடங்கு வந்தது. வாயுக்கள் எளிய முழு எண் கன அளவுகளிலேயே சேர்கின்றன என்று கே-லூசாக் 1808-இல் காட்டினார். சம கன அளவில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் என்று அவகாட்ரோ 1811-இல் சொன்னார். அதை ஏற்க வேதியியல் உலகத்துக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய மாநாட்டில் இத்தாலியரான கன்னிசாரோவின் வாதம் எடுபட்ட பிறகே அணு நிறைகளும் வாய்ப்பாடுகளும் ஒரு நிலைக்கு வந்தன. ஐம்பது ஆண்டுத் தாமதத்துக்கு டால்டனைவிட, அவகாட்ரோவைப் படித்தும் படிக்காததுபோல இருந்தவர்களையே நாம் குறை சொல்வோம்.

இன்றைய அணு நிறைகளின்படி ஒன்றுக்கு ஒன்று என்பது ஹைட்ரஜன் பெராக்சைடின் எளிய விகித வாய்ப்பாடு. அதன் மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜனும் இரண்டு ஆக்சிஜனும் உள்ளன. புண் கழுவும் பாட்டிலில் இருப்பது அதன் நீர்க்கரைசல்.

கேள்வி: கணக்குகளில் சதவீதத்தை அவர்களே தந்துவிடுகிறார்கள். ஆய்வகத்தில் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஆக்சிஜனை மட்டும் 100-லிருந்து கழித்து எடுப்பது ஏன்?
(தேவகோட்டை, பட்டதாரி ஆசிரியை)

பதில்: கரிமச் சேர்மமானால் எரித்துக் கண்டுபிடிப்பார்கள். எடை தெரிந்த பொருளை ஆக்சிஜனில் முழுவதும் எரித்தால் அதிலுள்ள கார்பன் எல்லாம் கார்பன் டை ஆக்சைடாகவும், ஹைட்ரஜன் எல்லாம் நீராகவும் மாறும். நீராவியைக் கால்சியம் குளோரைடு குழாயிலும், கார்பன் டை ஆக்சைடைப் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசலிலும் பிடித்து, அவற்றின் எடை எவ்வளவு கூடியது என்று பார்ப்பார்கள். இதற்காக லீபிக் 1831-இல் வடிவமைத்த ஐந்து குமிழ் கண்ணாடிக் கருவி மிகப் புகழ்பெற்றது. குழாய்களின் வரிசையை மாற்றிவிடக்கூடாது. பொட்டாஷ் முன்னால் வந்தால் அது நீராவியையும் விழுங்கிக்கொண்டு, கார்பன் கூடுதலாகவும் ஹைட்ரஜன் குறைவாகவும் தெரியும்.

வகுப்பில் செய்து காட்ட ஒரு கணக்கு: 0.300 கிராம் பொருள் எரிந்து 0.440 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 0.180 கிராம் நீரும் தருகிறது. கார்பன் டை ஆக்சைடின் 44 பங்கில் 12 பங்கு கார்பன் என்பதால் கார்பன் 0.120 கிராம். நீரின் 18 பங்கில் 2 பங்கு ஹைட்ரஜன் என்பதால் ஹைட்ரஜன் 0.020 கிராம். மிச்சம் 0.160 கிராம் ஆக்சிஜன். மோல்கள் 0.01, 0.02, 0.01. மேலே பார்த்த 1, 2, 1.

ஆக்சிஜனைக் கழித்து எடுப்பதற்குக் காரணம், எரிப்பதற்கு நாமே வெளியிலிருந்து ஆக்சிஜனைச் செலுத்துவதுதான். வெளிவரும் ஆக்சிஜனில் பொருளின் பங்கு எது, நாம் செலுத்தியது எது என்று பிரிக்க முடியாது. இதில் ஓர் அபாயம் உண்டு. மற்ற அளவீடுகளின் பிழைகள் அனைத்தும் கழித்து வந்த ஆக்சிஜனின் கணக்கில்தான் வந்து சேரும். பொருளில் நைட்ரஜன் இருப்பதைக் கவனிக்காமல் விட்டால் அதன் எடையும் ஆக்சிஜனாகவே எழுதப்படும். ஆகவே வேறு தனிமங்கள் இல்லை என்று பண்பறி சோதனையில் உறுதி செய்த பிறகே கழிக்க வேண்டும். சதவீதங்களின் கூட்டுத்தொகை 100-ஐ எட்டாத வினாக்களில் மிச்சத்தை ஆக்சிஜன் என்று கொள்வதும் இந்த நடைமுறையிலிருந்து வந்ததே.

கேள்வி: ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஹீமோகுளோபினின் மூலக்கூறு நிறை 64,500 என்கிறார்கள். அவ்வளவு பெரிய மூலக்கூறுக்கும் இந்த எளிய விகிதக் கணக்கு பொருந்துமா?
(புதுவயல், ஆய்வக உதவியாளர்)

பதில்: ஆயிரக்கணக்கான கார்பன், ஹைட்ரஜன் அணுக்கள் உள்ள மூலக்கூறில், எரித்து அளக்கும் முறையால் ஓர் அணு கூடுதலா குறைவா என்று சொல்ல முடியாது; அளவீட்டுப் பிழை அதைவிடப் பெரியது. ஆனால் மிகக் குறைந்த அளவில் இருக்கும் ஒரு தனிமத்தைப் பிடித்துக்கொண்டால் இதே சிந்தனை அழகாக வேலை செய்யும்.

ஹீமோகுளோபினில் இரும்பு ஏறத்தாழ 0.34 சதவீதம். ஒரு மூலக்கூறில் ஓர் இரும்பு அணுவாவது இருந்தாக வேண்டும். அந்த ஓர் அணுவின் நிறையான 55.85 மொத்தத்தில் 0.34 சதவீதம் என்றால், மொத்தம் ஏறத்தாழ 16,400. இது மூலக்கூறு நிறையின் மிகக் குறைந்த சாத்தியம். உண்மையான நிறை இதுவாகவோ இதன் முழு மடங்காகவோ இருக்கும். எளிய விகித வாய்ப்பாட்டு நிறையைப் போலவே இதுவும் அடிப்படை அலகைச் சொல்லிவிட்டு, மடங்கைச் சொல்லாமல் நின்றுவிடுகிறது.

மடங்கைக் கண்டது இங்கும் எண்ணும் சோதனை ஒன்றுதான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அடேர் என்பவர் ஹீமோகுளோபின் கரைசலின் சவ்வூடுபரவல் அழுத்தத்தை (மெல்லிய சவ்வின் வழியே நீர் கரைசலுக்குள் புகுவதால் எழுவது; கரைந்த மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது) அளந்து, மூலக்கூறு நிறை அந்தக் குறைந்தபட்ச எண்ணைப்போல நான்கு மடங்கு என்று 1925-இல் நிறுவினார். நீங்கள் சொன்ன 64,500-ஐ 16,400-ஆல் வகுத்தால் 3.9 வரும், கானாடுகாத்தான் மாணவிக்குச் சொன்னபடி அதை 4 என்று கொள்ளலாம். ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் நான்கு புரதச் சங்கிலிகளும், ஒவ்வொன்றோடும் ஓர் இரும்பு அணுவும் இருப்பது பின்னர் அமைப்பு ஆய்வுகளில் தெளிவாயிற்று.

தசையில் ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் மயோகுளோபினிலும் இரும்பு ஏறத்தாழ அதே சதவீதம்தான் இருக்கிறது. அதன் மூலக்கூறு நிறை சுமார் 17,000. அங்கே சங்கிலி ஒன்று, இரும்பு அணு ஒன்று, மடங்கும் ஒன்று.